துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு

எங்கட ஊரின் பேர் மூன்று காரியங்களால் வெளியில தெரியும். 1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடக்கின வட்டுக்கோட்டைச் செமினரி ஒன்று. 1976 மே 14இல் நிறைவேற்றின வட்டுக்கோட்டைத் தீர்மானம் இன்னொன்று. மூன்றாவது ஒரு பழமொழி: வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு. முதல் இரண்டுக்கும் நாங்கள் விழா எடுக்கிறம், மலர் வெளியிடுறம், முகநூலில சண்டை பிடிக்கிறம். மூன்றாவதை ஆரும் மேடையில சொல்லிப் பெருமைப்படுறதில்லை. ஆனால் நாளாந்தம் வாழ்ந்து காட்டுறது அதைத்தான். கேட்ட கேள்வி ஒன்று, சொல்லுற பதில் வேறொன்று.

இதை மற்ற ஆக்களைப் பார்த்துச் சொல்ல முதல் எங்களைப் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கு. போன வருசம் நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஊர் வாசிகசாலையில கண்தானப் படிவம் நிரப்புற நிகழ்வு ஒன்று வைத்தனாங்கள். பதாகை, மங்கள விளக்கு, சிறப்பு விருந்தினர், மிக்சர், தேத்தண்ணி எல்லாம் சரியாக நடந்தது. நிகழ்வு முடிகிற நேரம் ஒரு அம்மா மகனைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தா. பெடியனுக்கு ஒன்பது வயது, ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் உயரம்தான். விரல்கள் முழுசாக நிமிராது. இரண்டு கண்ணிலும் கறுப்பு முழிக்கு மேல பனி மூடின கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். அந்த அம்மா மேசைக்குக் கிட்ட வந்து கேட்டா:

"தம்பியவை, உந்தக் கண்ணில ஒண்டை வைச்சால் இவனுக்குப் பார்வை வருமே?"

எங்களில ஒருவர் சொன்ன பதில்: "அன்ரி, இதில பேரை நிரப்புங்கோ."

அவ நிரப்பினா. கையொப்பமும் வைத்தா. மகனைக் கூட்டிக்கொண்டு போனா. நாங்கள் படம் எடுத்து, எத்தனை படிவம் நிரம்பினது என்று முகநூலில போட்டம். இருநூறுக்கு மேல லைக். அவ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். ஒரு வருசம் பிந்தி வருகிறது.

கண்ணுக்குள் என்ன நடக்குது?

அந்த அம்மா வைத்திருந்த துண்டில மூன்று எழுத்து இருந்தது என்று பிறகுதான் அறிந்தம்: எம்.பி.எஸ். விரித்தால் மியூக்கோபொலிசக்கரைடோசிஸ். வாயில நுழையாத பேர், ஆனால் விசயம் விளங்காத விசயம் இல்லை.

எங்கட உடம்பின் கலங்கள் ஓயாமல் பொருட்களைக் கட்டுகின்றன, பழசை உடைக்கின்றன. ஓ.எல். புத்தகத்தில அனுசேபம் என்று படிச்சது இதைத்தான். உடைக்கிற வேலைக்கு ஒவ்வொரு வகைக் கழிவுக்கும் ஒவ்வொரு நொதியம் உண்டு. ஒரு பரம்பரையலகில பிழை இருந்தால் அதற்குரிய நொதியம் உருவாகாது. அல்லது உருவாகியும் வேலை செய்யாது. நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் உடைபடாமல் கலத்துக்குள்ளேயே தேங்கும். குப்பை அள்ளுற வண்டி வராத ஒழுங்கை எப்படி இருக்குமோ அப்படி. எலும்பில தேங்கினால் வளர்த்தி நிற்கும், மூட்டில தேங்கினால் விரல் மடங்கும், இதய வால்வில, ஈரலில, சுவாசப் பாதையிலயும் தேங்கும். சில வகைகளில் மூளையிலும்.

கண்ணிலும் தேங்கும். கண்ணின் முன்பக்கத்தில அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பில ஒரு படலம் இருக்கு. எங்கட பாடப்புத்தகம் அதை விழிவெண்படலம் என்று சொல்லும். பேரில வெண்மை இருந்தாலும் சுகமாக இருக்கும்போது அது கண்ணாடி. உள்ளே இருக்கிற நார்கள் ஒரே தடிப்பில, ஒரே இடைவெளியில அடுக்கப்பட்டிருப்பதால்தான் வெளிச்சம் சிதறாமல் ஊடுருவுது. கழிவு தேங்கி அந்த ஒழுங்கு குலைந்தால் பேருக்கு ஏற்றபடி அது வெள்ளையாகிப் போகும்.

இந்த நோய்க் குடும்பத்தில பல வகை உண்டு. 1917இல் கனடாவில் சார்ள்ஸ் ஹன்ரர் இரண்டு சகோதரர்களில் ஒரு வகையை விபரித்தார். 1919இல் ஜேர்மனியில் கேர்ற்றூட் ஹேர்லர் என்ற பெண் மருத்துவர் இன்னொரு வகையை விபரித்தார். ஹேர்லர் வகையிலும் அதன் மெதுவான வடிவமான ஷேய் வகையிலும் மரத்தோ–லாமி வகையிலும் கண் மங்கும். ஹன்ரர் வகையில பெரும்பாலும் மங்காது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

"கண்ணை மாத்தினால் சரி வருமே?"

முதலில ஒன்றைத் தெளிவாக்குவம். பார்வைக்காக முழுக் கண்ணை ஆரும் மாத்துறதில்லை, மாத்தினாலும் பார்வை வராது. கண்ணுக்கும் மூளைக்கும் இடையில இருக்கிற நரம்பை வெட்டி ஒட்டிப் பார்வை வரச்செய்ய இன்றைக்கு வழி இல்லை. மாத்துறது முன்னால இருக்கிற அந்த மெல்லிய படலத்தை மட்டும். 1905 டிசெம்பர் 7இல் இன்றைய செக் நாட்டில இருக்கிற ஒலொமூட்ஸ் நகரத்தில எடுவார்ட் சிர்ம் என்ற மருத்துவர் சுண்ணாம்பால் கண் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு இதை முதல்முறையாக வெற்றியாகச் செய்தார். எங்களுக்குக் கிட்ட, சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையில 1945இல் கண்வங்கி தொடங்கினது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான விழிவெண்படல மாற்று 1948இல் அதே இடத்தில ஆர்.ஈ.எஸ். முத்தையாவின் கையால் நடந்தது. ஆக, இது எழுபத்தைந்து வருசத்துக்கு மேலாகத் தமிழ் ஆக்களின் கைக்கு எட்டின ஒரு வைத்தியம்.

ஆனால் அந்தப் பெடியனுக்குச் சரி வருமா? நேர்மையான பதில்: சில நேரம் வரும், சில நேரம் வராது. எது என்று பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது.

விழிவெண்படலம் மட்டும்தான் கெட்டிருந்தால் மாற்றினால் வெளிச்சம் உள்ளே போகும், பார்வை கூடும். ஆனால் இந்த நோயில கழிவு முன்னுக்கு மட்டும் தேங்குறதில்லை. பின்னால இருக்கிற விழித்திரை பழுதாகியிருக்கலாம். பார்வை நரம்பு நசிந்திருக்கலாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். அப்படியென்றால் புதுக் கண்ணாடி போட்டும் இருட்டு வீட்டுக்குள்ளதான் பார்க்கிறம். அதுக்காகத்தான் விழித்திரையின் மின்துலங்கலை அளக்கிற சோதனையை முதல் செய்ய வேணும் என்று சொல்லுகிறார்கள். முன்பக்கம் மங்கினபடியால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அளந்துதான் அறியலாம்.

அடுத்தது மயக்க மருந்து. இந்தப் பிள்ளைகளின் சுவாசப் பாதை ஒடுங்கி இருக்கும், நாக்குப் பெருத்திருக்கும், கழுத்தெலும்பு உறுதி குறைந்திருக்கும். குழாய் போடக் கழுத்தை நிமிர்த்துறதே ஆபத்தாக முடியலாம். கண் ஒப்பரேசன் சின்னது, ஆனால் மயக்கம் கொடுக்கிறது பெரிய ஒப்பரேசனுக்குச் சமன். பழகின மயக்க மருத்துவரும் இதயத்தைப் பார்த்துச் சொல்லுற மருத்துவரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க வேணும்.

மூன்றாவது, ஒட்டின படலத்தை உடம்பு ஏற்க வேணும். சொட்டு மருந்து மாதக்கணக்கில, சில நேரம் வருசக்கணக்கில விட வேணும். கண் சிவந்தால் அண்டைக்கே ஓட வேணும். ஒட்டின படலத்திலும் காலப்போக்கில மங்கல் திரும்பலாம். என்றாலும் பல வருசம் தெளிவாக இருந்த ஆக்களும் உலகத்தில இருக்கினம். ஒரு பிள்ளை எழுத்துக் கற்கிற வயதில பத்து வருசப் பார்வை என்றால் அது ஒரு முழுப் பள்ளிக்காலம்.

நொதியத்தை ஊசி வழியாக ஏற்றுற மருந்தும் வந்துவிட்டது. ஹேர்லர்–ஷேய் வகைக்கு 2003இல், மரத்தோ–லாமி வகைக்கு 2005இல் அமெரிக்காவில அனுமதி கிடைத்தது. வாராவாரம், வாழ்நாள் முழுக்க ஏற்ற வேணும். ஆனால் அந்த மருந்தாலும் கண்ணின் மங்கல் பெரிதாகக் குறையிறதில்லை. காரணம், விழிவெண்படலத்தில இரத்தக் குழாய் இல்லை. இரத்தத்தில போற மருந்து அங்கே சேராது. அதே காரணத்தால்தான் மற்ற உறுப்புகளைப்போல இரத்த வகை பார்க்காமலே ஒருவரின் விழிவெண்படலத்தை இன்னொருவருக்கு ஒட்ட முடியுது. ஒரு கதவு பூட்டியிருக்கு, மற்றக் கதவு அதனாலேயே திறந்திருக்கு.

இந்த நோயின் தூரத்துச் சொந்தம் ஒன்றும் இருக்கு. விழிவெண்படலத்தில இருக்கிற ஒரு சர்க்கரைச் சங்கிலியைச் சரியாக உருவாக்க முடியாமல் போகிற பரம்பரைக் குறைபாடு. மருத்துவத்தில மக்குலர் விழிவெண்படலச் சீர்கேடு என்பார்கள். பிள்ளைக்கு வளர்த்தி சரி, படிப்பு சரி, கண் மட்டும் பதின்ம வயதில இருந்து மெல்ல மெல்ல மங்கும். அதற்குரிய பரம்பரையலகை 2000ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். தென்னிந்தியாவில இது திரும்பத் திரும்பக் காணப்படுற நோய். இவர்களுக்கு விழிவெண்படல மாற்று நல்ல பலன் தரும், ஏனென்றால் பின்னால எல்லாம் சுகமாக இருக்கு. "கண் மங்குது, சாத்திரி சொன்னவர் நாகதோசம்" என்று வீட்டில வைத்திருக்கிற ஒவ்வொரு பெடியனும் பெட்டையும் இந்த வகையாகவும் இருக்கலாம். பார்க்காமல் விட்டால் பார்வை கிடைக்கக்கூடிய ஒருவரைக் குருடாக வைத்திருக்கிறம் என்று அர்த்தம்.

இதுதான் அந்த அம்மாவுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில். அஞ்சு நிமிசம் காணும்.

ஊர் சொன்ன பதில்கள்

ஊர் அவவுக்கு வேறு பதில்கள் வைத்திருந்தது. "வயித்தில இருக்கேக்க கிரகணம் பாத்திருப்பாள்." "போன பிறப்பில ஆரின்ர கண்ணைக் குத்தினாளோ." "அவளின்ர தாய் வழியில ஏதோ இருக்கு." எந்தப் பதிலிலும் தகப்பன் இல்லை. கவனிச்சீங்களோ?

கண் மங்குற வகைகள் கிட்டத்தட்ட எல்லாமே தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான பிரதியைக் கொடுத்தால் மட்டும் வருகிற நோய்கள். இருவரும் சுகதேகிகள். தங்களிடம் அது இருப்பதே தெரியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய் மட்டும் காவுகிற வகை ஒன்று உண்டு, அது ஹன்ரர். அந்த வகையிலதான் கண் பெரும்பாலும் மங்குறதில்லை என்று மேலே சொன்னம். அதாவது அந்தப் பெடியனின் மங்கின கண்ணே தாய்க்குச் சாட்சி சொல்லுது: அவள் மட்டும் காரணம் இல்லை. சாட்சியைத்தான் நாங்கள் குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறம்.

ஒரு ஊரில இது ஏன் கூடுது? மச்சான் மச்சாளுக்குள்ள கட்டுறதால. ஒரே பாட்டன் பாட்டியிடம் இருந்து ஒரே பழுது இரண்டு பக்கத்தாலும் இறங்கி வந்து சந்திக்க இடம் கிடைக்குது. பயமுறுத்துறதுக்காக எழுதவில்லை. சொந்த மச்சான் மச்சாளின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் சுகமாகத்தான் பிறக்கினம். எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று என்று இருக்கிற பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு இவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே இரண்டு மூன்று குடும்பத்துக்குள்ள கொடுத்து எடுத்தால் அந்தக் கணக்கு அங்கேயே நிற்காது. "நாங்கள் சொந்தத்துக்குள்ள கட்டேல்லை" என்று சொல்லுற ஆக்களும் சாதி ஒன்று, ஊர் ஒன்று, கோயில் ஒன்று என்று பார்த்துத்தான் கட்டினவை. பேரில சொந்தம் இல்லை, இரத்தத்தில இருக்கு.

"பண்பாட்டில கை வைக்கிறியள்" என்று இப்ப ஒரு குரல் வரும். சரி, பண்பாட்டின் கணக்கைப் பார்ப்பம். மச்சாளைக் கட்டுறது அன்பால என்றால் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமைச் சட்டத்தில முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்துக்கு இருக்கிற விபரத்தைப் பாருங்கோ. வளவு வெளியில போகக் கூடாது, தோட்டக்காணி துண்டாகக் கூடாது, சாதி கலக்கக் கூடாது. பிள்ளையின் இரத்தத்துக்கு மேல உறுதிக் காணிக்கு நாங்கள் காவல் நின்றிருக்கிறம். அந்தக் காணியில பாதி இன்றைக்கு ஆளில்லாமல் பற்றை பிடிச்சுக் கிடக்கு. காணி தப்பினது. பிள்ளை?

இதில இன்னொரு ஆள் இருக்கிறா, ஒருத்தரும் கதைக்காத ஆள். அந்தப் பெடியனுக்கு ஒரு அக்கா இருக்கிறா. நல்ல சுகம், படிச்ச பிள்ளை. கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று தம்பியை அயல் வீட்டில கொண்டுபோய் விட்டார்கள். இதை அவவே எங்களுக்குச் சொன்னா. "அவன் ஏன் எண்டு கேட்டவன். விளையாடிப்போட்டு வா எண்டு சொன்னன்" என்றா. அதைச் சொல்லேக்க அவ எங்கட முகத்தைப் பார்க்கவில்லை.

அவவை நாங்கள் குற்றம் சொல்லமாட்டம். ஒளிக்கப் பழக்கினது நாங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கோ. அவ அந்தப் பழுதின் ஒரு பிரதியைக் காவுகிற வாய்ப்பு மூன்றில் இரண்டு. காவினாலும் அவவுக்கு ஒரு வருத்தமும் வராது. பிள்ளைக்கு வர வேணுமென்றால் கட்டுறவரும் அதே பழுதைக் காவ வேணும். வெளியில, தூரத்தில, வேறு சனத்துக்குள்ள கட்டினால் அந்த வாய்ப்பு மிகச் சின்னது. ஊர் செய்யப்போறது என்ன? "இப்படி ஒரு குடும்பம், வெளியில ஆர் எடுப்பான்" என்று சொல்லி இன்னொரு மச்சானைத்தான் கொண்டுவந்து நிறுத்தும். ஆபத்தில்லாத கலியாணத்தைத் தடுத்து, ஆபத்தான கலியாணத்தை இரக்கம் என்ற பேரில நடத்திவைக்கும். பத்துப் பொருத்தம் பார்க்கிறம், ரச்சுப் பொருத்தம் இல்லை என்றால் எழும்பிப் போறம். பார்க்க வேண்டிய பதினோராவதைப் பார்க்க ஒரு சாத்திரியும் இல்லை.

இது நடக்காத காரியம் இல்லை. தலசீமியாவுக்கு இந்த நாட்டிலேயே கலியாணத்துக்கு முதல் இரத்தம் சோதிச்சு, காவுகிற இருவர் கட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுகிறார்கள். குருநாகல் பக்கத்துச் சனம் அதைக் கேட்குது என்றால் வட்டுக்கோட்டைச் சனத்துக்கு ஏன் கேட்காது?

கண்ணப்பரின் ஊரில்

இனிக் கண்தானத்துக்கு வருவம். சைவநெறிப் புத்தகத்தில கண்ணப்ப நாயனாரைப் படிக்காத பிள்ளை இங்கே இல்லை. ஒரு கண்ணைப் பிடுங்கி அப்பினார். மற்றக் கண்ணையும் பிடுங்கினால் இடம் தெரியாதே என்று காலை அடையாளமாக ஊன்றினார். பேச்சுப் போட்டியில அதைச் சொல்லி வென்றவர்கள் எங்களுக்குள்ளேயே இரண்டு பேர். உயிரோடு கண்ணைக் கொடுத்தவரைக் கும்பிடுறம். செத்த பிறகு எரிக்கப்போற கண்ணைக் கேட்டால் "அடுத்த பிறப்பில குருடாப் பிறந்திடுவம்" என்கிறம். அந்தக் கணக்கில கண்ணப்பர் இப்ப எங்கே குருடாக இருக்கிறார் என்று ஆராவது சொல்ல வேணும்.

இலங்கையில இதை ஒரு இயக்கமாக்கினவர் ஹட்சன் சில்வா. மருத்துவ மாணவனாக இருந்த காலத்திலேயே அந்தக் குறை அவரை உறுத்தியது. 1958இல் பத்திரிகையில எழுதினார். தாய் இறந்தபோது அவவின் கண்களைக் கொடுத்தார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தொடங்கினது. 1964இல் இங்கே இருந்து சிங்கப்பூருக்குக் கண் போனது, பிறகு உலகம் முழுக்கப் போனது. கண்ணைத் தானமாகக் கொடுத்த சிபி மன்னனின் சாதகக் கதை சிங்களச் சனத்துக்குத் துணை நின்றது. 1983ஐ நாங்கள் மறக்கமாட்டம். அந்த ஜே.ஆர். 1996இல் இறந்தபோது அவரின்ர ஒரு விழிவெண்படலம் யப்பானுக்குப் போனது என்பதும் நடந்த உண்மை. அது அவரின்ர கணக்கைத் தீர்க்காது. ஆனால் ஒரு பௌத்தக் கதையால முடிஞ்சது பெரியபுராணக் கதையால ஏன் முடியாது என்ற கேள்வி எங்களிடம்தான் நிற்குது. "அது அவையின்ர தானம்" என்று தட்டிவிடுற ஆக்களுக்குச் சொல்லுறம்: விழிவெண்படலத்துக்கு இரத்த வகையே தேவையில்லை, இனம் எங்கே தேவைப்படப்போகுது?

2016இல் ஒரு உலகளாவிய ஆய்வு வெளிவந்தது. 2012இல் 116 நாடுகளில ஏறத்தாழ 1,85,000 பேருக்கு விழிவெண்படல மாற்று நடந்திருக்கு. காத்திருந்தவர்கள் 1 கோடியே 27 இலட்சம் பேர். 70 பேருக்கு ஒரு விழிவெண்படலம். வெளிநாட்டுக்குக் கொடுக்கிற நாடுகளில் அமெரிக்காவுக்கும் இலங்கைக்கும் முக்கிய இடம். நாடு தானம் கொடுக்குது என்று பெருமைப்பட எங்களுக்கும் விருப்பம்தான். ஆனால் எங்கட நிகழ்வில நிரம்பின படிவங்களுக்குப் பிறகு ஊரில நடந்த செத்தவீடுகளுக்கு நாங்கள் போயிருக்கிறம். ஒரு வீட்டிலயும் ஒருத்தரும் தொலைபேசியை எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை.

படிவம் ஒரு கடதாசி மட்டும்தான். உயிர் போய் ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்குள்ள எடுக்க வேணும். எங்கட செத்தவீட்டில அந்த ஆறு மணித்தியாலத்தில என்ன நடக்குது? ரொரன்ரோவுக்கும் பாரிசுக்கும் கோல், மகன் எப்ப வருவார் என்ற கதை, உடம்பைப் பழுதாகாமல் வைக்கக் கொண்டுபோற ஏற்பாடு, பந்தல், பறை வேணுமா பாண்ட் வேணுமா என்ற சண்டை. மூன்று நாள் வைத்திருக்க வழி தெரிஞ்ச எங்களுக்கு முதல் ஆறு மணித்தியாலத்தைப் பாவிக்கத் தெரியாது. ஆகவே சொல்லுறம்: கண் இமைகளை மூடுங்கோ. நனைச்ச பஞ்சை மேல வையுங்கோ. தலைக்குக் கீழ தலையணை வையுங்கோ. மின்விசிறியை நிப்பாட்டுங்கோ. உடனே அறிவியுங்கோ. முகம் விகாரப்படாது, மகன் வந்து பார்க்கலாம். கண்ணாடி போட்டவர், கற்றரக் ஒப்பரேசன் செய்தவர், சலரோகக்காரர் எல்லாரும் கொடுக்கலாம். கடைசி முடிவு உறவினரின் கையில இருக்கிறபடியால் படிவம் நிரப்பின அண்டைக்கே வீட்டில சொல்லிவிடுங்கோ.

"ஒரு பெடியனுக்காக இவ்வளவா?"

இந்தக் கேள்வி எங்கட கூட்டத்துக்குள்ளேயே வந்தது. ஹேர்லர் மாதிரி ஒரு வகை ஏறத்தாழ ஒரு இலட்சம் பிறப்புக்கு ஒன்று. டெங்கு இருக்கு, சலரோகம் இருக்கு, ஆசுப்பத்திரியில மருந்துத் தட்டுப்பாடு இருக்கு. அரிய நோய்க்குப் பின்னால ஓட முடியுமா?

கேள்வி நியாயம்தான். வாராவாரம் ஏற்றுற நொதிய மருந்தின் விலையை ஒரு குடும்பம் தாங்காது, அரசும் கையை விரிக்கும். அதை நாளைக்கே கொடு என்று கேட்க நாங்கள் தயாரில்லை. ஆனால் நாங்கள் கேட்கிற மற்றவை விலை கூடினவை இல்லை. பிறந்த குழந்தையின் குதிக்காலில ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைரொயிட் பார்க்கிற வழக்கம் நாட்டில வந்துவிட்டது. அமெரிக்காவில 2016இல் இந்த நோயின் முதல் வகையையும் அதே மாதிரியான சொட்டு இரத்தச் சோதனைப் பட்டியலில சேர்த்தார்கள். ஹேர்லர் வகையில இரண்டு வயதளவுக்குள்ள கண்டுபிடிச்சால் குருத்துக்கல மாற்றால் மூளையைக் காப்பாற்ற வழி இருக்கு. ஒன்பது வயதில வாசிகசாலைக்குக் கூட்டிவந்து கேட்டால் அந்த வழி மூடிப்போயிருக்கும். ஏற்கெனவே பிள்ளை இருக்கிற குடும்பத்துக்கு அடுத்த பிள்ளை பற்றியும் மகளின் கலியாணம் பற்றியும் ஒரு மணித்தியாலம் இருந்து தமிழில விளங்கப்படுத்த ஒரு ஆள் வேணும். ஒரு ஆள், ஒரு கதிரை, ஒரு மணித்தியாலம்.

தமிழில என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கு. அந்தத் துண்டு ஆங்கிலத்தில இருந்தது. எழுதினவருக்கு மட்டும் விளங்குற எழுத்து. அந்த அம்மாவுக்கு ஏழு வருசமாக அது மூன்று எழுத்து மட்டுமே. 1847இல் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் எங்கட வட்டுக்கோட்டையிலதான் முதலில மருந்து கொடுக்கத் தொடங்கி, அடுத்த வருசம் மானிப்பாய்க்குப் போனார். 1860களில் அங்கே தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில பேர் தேடினார். 1872இல் மனுஷ அங்காதிபாதம் அச்சாகினது. மிசனரியின் நோக்கம் என்ன என்று விமர்சிக்கிறவர்கள் விமர்சிக்கட்டும். அந்த அந்நியர் ஊர்ச் சனத்துக்கு ஊர்ச் சனத்தின் மொழியில உடம்பை விளங்கப்படுத்த முயன்றார். 150 வருசத்துக்குப் பிறகு, தமிழுக்காக இவ்வளவு விலை கொடுத்த ஒரு மண்ணில, ஒரு தமிழ்த் தாய் தன் பிள்ளையின் வருத்தத்தைத் தமிழில அறிய முடியாமல் நிற்கிறா. மொழி உரிமை என்று நாங்கள் போடுற கோசத்துக்குள்ள இந்தத் துண்டும் வர வேணும்.

இதில கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். எங்கட வேலையே இதுதான். நோயைச் சுகப்படுத்துறது மருத்துவரின் பாடு. நோயைச் சுற்றி ஊர் கட்டிவைத்த கதையை அவிழ்க்கிறது எங்கட பாடு. சீதனமும் சாதியும் தோசமும் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பாக மட்டும் இருந்தால் எங்களுக்கு முதல் வகுப்புக் கிடைக்கும். அயல் வீட்டில விளையாடப் போன பெடியனுக்கு என்ன கிடைக்கும்?

போன கிழமை நாங்கள் மூன்று பேர் அந்த வீட்டுக்குப் போனனாங்கள். மேலே எழுதின மருத்துவ விபரத்தை மருத்துவபீட நண்பர் ஒருவருக்குக் காட்டித் திருத்தி, இரண்டு பக்கத்தில பெரிய எழுத்தில தமிழில அடிச்சுக் கொண்டுபோனம். கடைசியில மருத்துவரிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வி: விழித்திரை வேலை செய்யுதா, கண் அழுத்தம் எவ்வளவு, கழுத்தெலும்பைப் படம் பிடிச்சுப் பார்த்ததா, மயக்கம் கொடுக்க ஆர் பொறுப்பு. அந்த அம்மா சத்தமாக வாசிச்சா. "தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பிரதி" என்ற வரி வந்ததும் நிப்பாட்டினா. திரும்ப வாசிச்சா. பிறகு குசினிப் பக்கம் பார்த்து, "இஞ்சேருங்கோ, இதை ஒருக்கா வந்து வாசியுங்கோ" என்று கூப்பிட்டா.

அவர் வந்தார், வாசிச்சார். ஒன்றும் சொல்லவில்லை. மகனின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

இந்த வருசம் வாசிகசாலையில மங்கள விளக்கு இல்லை. படிவம் இருக்கும், பக்கத்தில ஒரு கதிரையும் இருக்கும். கேள்வி இருக்கிற ஆக்கள் வந்து இருங்கோ. தெரிஞ்சால் சொல்லுவம். தெரியாட்டி தெரியாது என்று சொல்லி, தெரிஞ்ச ஆளிடம் உங்களோட வருவம். வழி கேட்டு வாற ஆளுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொல்லமாட்டம்.